செங்கோட்டைப் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் என் நினைவில் இல்லை. இப்போது மூன்று இருக்கின்றன: கறுப்பி, செவலை, அப்புறம் சின்னவன். புளியரை, தென்காசி, ஆரியங்காவு என்று மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் உள்ள சொந்தக்காரர்களும் பழகினவர்களும் பூனைக்கு ஒன்றென்றால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடமாகப் பார்த்தும், மருத்துவர்களிடம் கேட்டும், சில பூனைகளைப் பறிகொடுத்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பூனை வலியை மறைக்கிற பிராணி. அது தினமும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் இன்று சரியில்லை என்பதும் தெரியும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

விறகுப்புரையில் குட்டி கத்துகிறது. உடனே வீட்டுக்குள் எடுத்துவரலாமா?

உடனே வேண்டாம். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும். ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு வருகிற நேரத்தில் நாம் எடுத்துவிட்டால், தாயையும் குட்டியையும் பிரித்த பாவம் நமக்கு. குட்டி கொழுகொழுவென்று உலர்ந்து சுத்தமாக இருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். மழையில் நனைந்து உடம்பு சில்லென்று இருந்தால், எறும்பு மொய்த்தால், நாய் சுற்றினால் யோசிக்காமல் எடுங்கள்.

எடுத்தவுடன் பால் ஊற்றாதீர்கள். முதலில் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடேறிய பிறகுதான் ஆகாரம். பசும்பால் குட்டிக்குப் பேதியைக் கொண்டுவரும், பேதி குட்டியைக் கொண்டுபோய்விடும். பூனைக்குட்டிக்கென்றே பால்பொடி விற்கிறார்கள், தென்காசியில் கேட்டுப் பாருங்கள். குட்டியை மனிதக் குழந்தைபோல மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாய் மடியில் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்க வேண்டும்.

கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாய் இல்லையென்றால் ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் தடவிவிடுங்கள். இது தெரியாமலே நிறையக் குட்டிகள் போய்விடுகின்றன.

எங்கள் வீடு சைவம். தயிர்ச்சாதம் போட்டே பூனை வளர்க்கலாமா?

முடியாது. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். டாரின் என்றொரு சத்து பூனையின் உடம்பில் போதுமான அளவு உண்டாவதில்லை. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் வீங்கி வலுவிழக்கும். இதய நோய்க்கு டாரின் குறைவு ஒரு காரணம் என்று 1987ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவுகளில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

தயிர்ச்சாதம் தின்கிற பூனையைப் பார்த்திருக்கிறோமே என்பார்கள். பார்த்திருக்கிறோம், சரி. அது தோட்டத்தில் எலியும் ஓணானும் பிடித்துச் சரிக்கட்டிக்கொண்டது. அடுப்பங்கரையில் மீன் வேக விடமாட்டோம் என்கிற வீட்டுக்காரர்கள் கடை உணவு வாங்கிப் போடலாம். அதில் தவறே இல்லை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். உலர் தீனியாக என்றால் சுமார் 60 கிராம், அதாவது கை நிறைய ஒரு பிடி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து.

கொல்லத்திலிருந்து சாளை மீன் மலிவாக வருகிறது. தினமும் அதையே போடலாமா? பச்சையாகப் போடலாமா?

பச்சைச் சாளை வேண்டாம். சாளை போன்ற சில மீன்களில் தயமின் என்கிற பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகத் தின்கிற பூனை சில வாரங்களில் கழுத்தைத் தொங்கப்போடும், தள்ளாடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும், ஆகையால் மீன்குழம்பில் பிசைந்த சோறு கூடாது.

வேகவைத்ததானாலும் தினமும் மீன் மட்டுமே என்பது சரியில்லை. எண்ணெய்ச் சத்து மீனையே தின்று வளர்கிற பூனைக்கு வைட்டமின் இ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி, தொட்டாலே கத்துகிற நோய் வரும். வாரத்தில் இரண்டு நாள் மீன், மற்ற நாள் கோழியும் கொஞ்சம் ஈரலும் கடைத்தீனியும் என்று எங்கள் வீட்டில் ஓடுகிறது.

கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். 2024 ஏப்ரலில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. இந்த நோய் பூனைக்கும் வரும், நோய்ப்பட்ட பறவையைப் பச்சையாகத் தின்றால் செத்தே போகும். அந்தப் பக்கம் காய்ச்சல் என்று செய்தி வந்தால், வேகாத கோழியோ வாத்தோ பூனை வாயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரே குடிப்பதில்லையே?

தீனித் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் பல பூனைகள் குடிக்காது. தள்ளி வையுங்கள், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். அகலமான மண்சட்டி நல்லது, மீசை விளிம்பில் இடிக்காது. ஈரமான சாப்பாடு கொடுத்தால் பாதித் தண்ணீர் அதிலேயே போய்விடும்.

மண் பெட்டிக்கு என்ன போடுவது? சாரல் காலத்தில் மணலே காய்வதில்லை.

இந்த ஊரின் பெரிய பிரச்சினை இதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் விழுகிற சாரல் எங்கள் மாடியிலும் விழுகிறது, மணல் ஈரம் கோத்து நாறும். நான் தென்னை நார்க்கழிவுக்கு மாறிவிட்டேன். நாற்றங்காலுக்கு வாங்குகிறார்களே, அதே கட்டிதான். தண்ணீரில் ஊறவிடாமல் அப்படியே உதிர்த்துக் காய்ந்த தூளாகப் போட வேண்டும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நாற்றம் குறைவு, பிறகு வாழைமூட்டில் கொட்டிவிடலாம். மரத்தூளும் பரவாயில்லை, ஆனால் காலில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் வரும்.

பூனைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒன்று கூடுதல். இரண்டு பூனை என்றால் மூன்று பெட்டி. தினமும் அள்ள வேண்டும். பெட்டியைக் கழுவ ஃபினாயில் ஊற்றாதீர்கள். ஃபினால் கலந்த பொருளைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை, அது காலை நக்கும்போது உள்ளே போகிறது. சோப்பும் வெந்நீரும் போதும்.

பெட்டி இருந்தும் துணி மேல் மூத்திரம் போகிறதே, பழிவாங்குகிறதா?

பழிவாங்கத் தெரியாது அதற்கு. முதலில் உடம்பில் ஏதும் இருக்கிறதா பாருங்கள், மூத்திரப்பை எரிகிற பூனை பெட்டியைக் கண்டாலே வலியை நினைத்துக்கொண்டு வேறு இடம் தேடும். பெட்டி அழுக்கா? நாய் குரைக்கிற ஜன்னலோரம் இருக்கிறதா? புதுப் பூனை வந்ததா? இவையெல்லாம் சரியென்றால், நின்றபடி வாலை உயர்த்தி நடுக்கிச் சுவரில் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். அது மூத்திரம் போவது இல்லை, எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத கடுவன் பூனைக்கு, அதாவது ஆண் பூனைக்கு, அது வழக்கம். மலையாளத்தில் கண்டன் பூச்ச என்பார்கள். கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அடித்தால் நிற்காது, உங்களைக் கண்டு ஒளிந்துகொண்டு அதையே செய்யும்.

பூனை பெட்டிக்குள் போய்ப்போய் உட்காருகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலா?

இந்தக் கேள்வியை இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும் நான் எழுந்துகொள்வேன். ஆண் பூனை என்றால் இது அவசரம்.

செவலைக்கு நாலு வயதிருக்கும்போது ஆடி மாதச் சாரலில் இது நடந்தது. சாயங்காலம் ஐந்து தடவை பெட்டிக்குப் போனான். உட்கார்ந்து முதுகை வளைத்து முக்கினான், எழுந்து வந்து வயிற்றுக்கடியில் நக்கினான், திரும்பப் போனான். மருந்துக்கடையில் கேட்டதற்கு வயிற்றுக்கட்டு என்றார்கள். நெய் கொடுத்துப் பார்த்தேன். விடிகாலையில் அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தான், கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. மருத்துவர் வயிற்றில் கை வைத்தவுடன் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினார். சாத்துக்குடி அளவில், கல்போலக் கெட்டியாக, மூத்திரப்பை. அதற்குள் ஒரு சொட்டும் வெளியேற வழியில்லாமல் இரவெல்லாம் கிடந்திருக்கிறான். மெல்லிய குழாய் விட்டபோது முதலில் வந்தது இரத்தம் கலந்த தண்ணீர், அதில் அரிசிமாவுபோல் மணல். இரண்டு நாள் குழாயோடு இருந்து பிழைத்தான்.

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் முனையில் மிகக் குறுகல். மணல்போன்ற படிகமோ சளிபோன்ற அடைப்போ அங்கே சிக்கிக்கொண்டால் மூத்திரம் தேங்கி, உடம்பில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். முழு அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுக்கும். மலச்சிக்கல் இரண்டு நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது. எந்தச் சந்தேகம் வந்தாலும் பெட்டியில் நனைந்த கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே கிளம்புங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். உள்ளூரில் குழாய் விட வசதி இல்லையென்று சொன்னால் அங்கே போகத் தயங்காதீர்கள்.

செவலை இப்போது உலர் தீனியைக் குறைத்து ஈரச் சாப்பாடுதான் தின்கிறான். பெட்டியை அள்ளும்போது கட்டிகளை எண்ணுகிறேன். நாளுக்கு இரண்டு மூன்று. அந்தக் கணக்குத் தப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கேரளத்தில் புனலூர்ப் பக்கம் டாக்டரிடம் காட்டினோம், பேச்சு சரியாகப் புரியவில்லை. என்ன சொல்லிக் கேட்பது?

இந்த எல்லையில் இருக்கிற நமக்கு மலையாளம் புரியும் என்ற தைரியம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்தானே. ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டு வார்த்தை நம்மைக் கவிழ்த்துவிடும்.

ஒன்று, கழிக்குக. அங்கே அதற்குச் சாப்பிடுவது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பூனையைக் கொண்டுபோனபோது, "ஆகாரம் கழிக்குந்நுண்டோ?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வெளிக்குப் போகிறதா என்று கேட்பதாக நினைத்து, "ஆமா சார், காலையிலகூட கழிச்சது" என்று இவர் சொல்லிவிட்டார். பூனை மூன்று நாளாக ஒரு பருக்கையும் தொடவில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வரலாம், அதிலும் குண்டுப் பூனைக்குச் சீக்கிரமே. டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தியே அதுதான்.

இன்னொன்று, பனி. அங்கே அது காய்ச்சல். சர்த்தி என்றால் வாந்தி, வயறிளக்கம் என்றால் பேதி. மூத்திரம் அடைத்திருந்தால் "மூத்ரம் போகுந்நில்ல" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். இதைவிட நல்லது, எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது மூத்திரம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போவது. வாந்தியையும் பெட்டியில் உட்காருகிற விதத்தையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பூனை பயத்தில் உறைந்துபோகும், வீட்டில் செய்ததை அங்கே செய்யாது.

தோலில் வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது.

வட்டமாகக் கொட்டி ஓரம் செதில் விட்டால் பெரும்பாலும் படர்தாமரை. சாரல் காலத்து ஈரத்தில் இங்கே அடிக்கடி பார்க்கிறேன். மனிதருக்கும் தொற்றும், அதிலும் குட்டியை மடியில் வைத்துக்கொள்கிற பிள்ளைகளின் கையில் முதலில் தெரியும். பூனைக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயில் கிடைக்கிற அன்று காயப்போடுங்கள்.

காதுக்குள் காப்பித்தூள் கொட்டியதுபோல் கறுப்பாக இருந்தால் காதுப் பேன். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், சொட்டு மருந்து இருக்கிறது.

தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குத் தடவுவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே கொடுமையானது. நாய் மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது நஞ்சு. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும், உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். டப்பாவில் பூனை என்று எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பால் கழுவி, துண்டில் சுற்றி நேரே மருத்துவரிடம்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது, கால் மாத்திரை பாரசிட்டமால் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வழி அதன் ஈரலில் இல்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், முறிமருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.

பூனையின் உடம்பு நம்மைவிடச் சூடு. 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பாச்சை உருண்டை, நீலகிரித் தைலம், எலி மருந்து மூன்றையும் பூனை இருக்கிற வீட்டில் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். எலி மருந்தைப் பூனை தின்ன வேண்டியதில்லை, மருந்து தின்ற எலியைத் தின்றாலே போதும். வயலில் மருந்து வைக்கிற வாரத்தில் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவைத்துக்கொண்டு பூனையை உள்ளே அடையுங்கள். லில்லிப்பூச் செடி சிறுநீரகத்தை அழிக்கும், அதன் மகரந்தத்தை நக்கினாலும் போதும். வேலியில் படர்கிற செங்காந்தளும் விஷம்.

தடுப்பூசி கட்டாயமா? வெளியே போகாத பூனைதானே?

கட்டாயம். பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லுகிற பார்வோ வகை வைரஸ் ஒன்று உண்டு. இரண்டு நாள் வாந்தி, பேதி, குட்டி போய்விடும். அந்த வைரஸ் தரையில் ஒரு வருடம் வரைகூடப் பிழைத்துக் கிடக்கும், உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஒரு குட்டி அப்படிச் செத்த வீட்டில் பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும், அதன்பிறகும் தடுப்பூசி போட்ட பூனையைத்தான் கொண்டுவர வேண்டும். அந்த நோயையும் இரண்டு சளி வைரஸ்களையும் தடுக்கிற மூன்று சேர்ந்த ஊசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வார இடைவெளியில் போடுவார்கள். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கு.

பூனை கடித்துவிட்டது, கீறிவிட்டது. ஊசி போட வேண்டுமா?

முதலில் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்காதீர்கள். அப்புறம் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், வெறிநோய் ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 என நாலு நாள். இரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிட வேண்டாம். நாய்க்கடிக்கு ஓடுகிற நாம் பூனைக்கடிக்கு ஓடுவதில்லை. பூனைக்கும் வெறிநோய் வரும், அது மனிதருக்கு வந்துவிட்டால் மருந்தே கிடையாது. கடித்த பூனையை 10 நாள் கண்காணிப்பார்கள், ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

வெறிநோய் ஒருபக்கம் இருக்க, பூனைப் பல் ஊசிபோல ஆழத்தில் கிருமியை விட்டுவிடும். மறுநாள் கை வீங்கினால் அதற்கும் மருந்து வேண்டும்.

மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். சம்பந்தி வீட்டில் பூனையை விரட்டச் சொல்கிறார்கள்.

விரட்ட வேண்டாம், அவர்களுடைய பயத்தைத் தப்பென்று சொல்லவும் வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரக்கூடும், அது கர்ப்பத்தில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கும். ஆனால் அது மலத்தில் வந்தவுடன் தொற்றாது, ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே பெட்டியைத் தினமும் அள்ளினால் போதும், அள்ளுவது மகளாக இருக்கக் கூடாது. பெரும்பாலான பூனைகள் வாழ்க்கையில் ஒருமுறை, ஒன்றிரண்டு வாரம் மட்டுமே அதை வெளியேற்றும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றிலிருந்து வருவதற்கும் அதே கவனம் வேண்டும். பூனையைத் தடவுவதால் வராது.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்பதும் இதோடு சேர்ந்து வரும். ஒவ்வாமை முடியால் வருவதில்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தால் சிலருக்கு மட்டும் வருவது. பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் பூனையைப் படுக்கையறைக்குள் விடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பிறகு கருத்தடை செய்யலாம் என்று இருக்கிறோம்.

பூனைக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது. நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடிய பிராணி, சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஒரு வருடத்தில் எத்தனை குட்டி என்று நீங்களே கணக்குப் போடுங்கள், அவற்றில் எத்தனை பேர் வீட்டில் எடுப்பார்கள் என்றும் போடுங்கள். மீந்த குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து மாதம் ஆனதும் செய்துவிடலாம். முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இரவெல்லாம் குழந்தை அழுவதுபோலக் கத்துவதும் நிற்கும். கத்தலை நிறுத்த ஊசி போடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் கர்ப்பப்பை சீழ்பிடித்த பூனையை எனக்குத் தெரியும்.

பல்லி, ஓணான், எலி கொண்டுவந்து காலடியில் போடுகிறதே?

தன் கூட்டத்துக்குள் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். திட்டாமல் எடுத்து வெளியே போடுங்கள். ஆனால் பல்லி தின்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மைப்போன்ற வெப்பநாட்டில் பல்லி வழியாக ஈரலின் பித்தக்குழாயில் குடியேறும் ஒரு தட்டைப்புழு உண்டு. பல்லி வேட்டைக்காரப் பூனை மெலிந்து கண்ணும் ஈறும் மஞ்சளானால் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமான பூச்சி மாத்திரையில் அது போகாது. ஆசனவாயில் அரிசிபோல ஒட்டியிருப்பது நாடாப்புழு, அது தெள்ளுப்பூச்சியாலும் எலியாலும் வருவது.

மடியில் மாவு பிசைவதுபோல் காலால் அமுக்குகிறது, நடு ராத்திரி ஓடுகிறது, சோபாவைக் கிழிக்கிறது. பைத்தியமா?

அமுக்குவது குட்டியில் தாய்மடியில் பால் சுரக்க அமுக்கிய பழக்கம். உங்களைத் தாயாக நினைக்கிறது, நகத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். ராத்திரி ஓட்டம் பகலெல்லாம் தூங்கியதால், படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் கயிறு ஆட்டி ஓடவிட்டு அப்புறம் சாப்பாடு போட்டால் தூங்கிவிடும். கிழிப்பது நகத்தின் மேல்தோலை உரிக்க, அதைத் தடுக்க முடியாது, வேறு இடம் காட்டலாம். கேரளத்துத் தேங்காய்நார்க் கயிற்றை ஒரு மரத்துண்டில் நெருக்கமாகச் சுற்றி, பூனை முழு உடம்பையும் நீட்டுகிற உயரத்துக்கு நட்டுவையுங்கள். எங்கள் தூணில் சுற்றிய கயிறு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, சோபா தப்பித்தது.

குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. கறுப்பி வேரை மோந்து, கன்னத்தைத் தேய்த்து, முன்னங்காலால் கட்டிப்பிடித்து உருண்டு, எச்சில் வடிய ஐந்து நிமிடம் கிடப்பாள். பிறகு எழுந்து ஒன்றும் நடக்காததுபோலப் போய்விடுவாள். சின்னவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விளையாட்டுக்கு வேர் போதும், தின்னவிடாதீர்கள்.

பாம்பு வந்தால் பூனை காப்பாற்றுமா?

சண்டை போடும், ஜெயிக்கும் என்று நம்ப வேண்டாம். பூனை ஒரு மூலையையே வெறித்து வாலைப் புசுபுசுவென்று ஆக்கினால் டார்ச் எடுத்துப் பாருங்கள். முகமோ காலோ திடீரென வீங்கினாலும், பின்னங்கால் துவண்டாலும் ஓடுங்கள். மருத்துவரிடம் பாம்பு என்ற சந்தேகத்தையும் சொல்லுங்கள்.

பூனை குறுக்கே போனால்?

போகட்டும், வழி விடுங்கள். அது எங்கேயோ அவசரமாகப் போகிறது.

வயதான பூனை நாளெல்லாம் தூங்குகிறது. வயசுதானே?

பத்து வயதுக்கு மேல் "வயசுதான்" என்று நாம் தள்ளிவிடுவதில் பலவும் சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, பல்வலி, மூட்டுவலி. தண்ணீர் அதிகம் குடித்துப் பெட்டியை நிறைய நனைத்தால், நன்றாகத் தின்றும் மெலிந்தால், ஒரு பக்கமாகவே மென்றால், ஏறுகிற அலமாரிக்கு ஏறாமல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தூங்கும்போது விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் தினமும் போனால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கறுப்பிக்கு இப்போது பதினாலு. அலமாரிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன், பெட்டியின் ஒரு பக்கச் சுவரைத் தாழ வெட்டியிருக்கிறேன். காலையில் கூப்பிட்டால் முதலில் இடது காதைத் திருப்புவாள், பிறகு கண்ணை மெதுவாக மூடித் திறப்பாள், பிறகுதான் எழுந்திருப்பாள். இன்று காலையும் அதே வரிசையில்தான் எழுந்தாள்.